பேரிலும் பங்கு வேண்டும்

கூட்டுத் தொழில் தொடங்கப் போகும் இளைஞர்கள் சிலர் ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டுக்கு வருவதுண்டு. கோவை அப்படிப்பட்ட ஊர். மாமன் மச்சான், பங்காளி, கல்லூரித் தோழன் என்று இருவர் மூவர் சேர்ந்து ஒரு லேத் பட்டறையோ நூல் கடையோ, இப்போதென்றால் ஒரு மென்பொருள் நிறுவனமோ தொடங்கிக்கொண்டே இருப்பார்கள். ஆளுக்கு எவ்வளவு முதல், லாபத்தில் எத்தனை பங்கு, செக்கில் யார் கையெழுத்து, நட்டம் வந்தால் யார் தாங்குவது என எல்லாவற்றையும் பத்திரத்தில் எழுதி, ஆடிட்டரிடம் காட்டிய பிறகுதான் ஆசி வாங்க வருவார்கள்.

"செய்யற வேலைக்கு வர்ற பேரை எப்படிப் பிரிச்சுக்கப் போறீங்க கண்ணு?" என்று கேட்பேன். அதை யாரும் யோசித்து வந்திருப்பதில்லை.

என் காலம் பவுண்டரித் தொழிலில் போனது. பம்பு செட்டுக்கு வார்ப்புகள் செய்து கொடுத்தோம். நானும் கூட்டில் இருந்தவன்தான். சுற்றிலும் எத்தனையோ கூட்டுகள் சேர்ந்ததையும் பிரிந்ததையும் பார்த்திருக்கிறேன். பணத்தில் சண்டை வந்தால் ஆடிட்டர் தீர்த்து வைப்பார். அவரால் முடியாவிட்டால் இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். பேரில் சண்டை வந்தால் தீர்க்க ஆள் கிடையாது. 'ராத்திரி பகலா உக்காந்து உருவாக்கினது நான், மாலை மட்டும் அவனுக்கா' என்ற எண்ணம் ஒருவன் மனதில் விழுந்துவிட்டால், லாபத்தில் பாதியைக் கொடுத்தாலும் அது ஆறாது.

இந்தப் பாடத்தைத் தொழில் எனக்குப் பாதி கற்றுக் கொடுத்தது. மீதிப் பாதியைக் கற்றுக் கொடுத்தவை என் மாடி அறையில் அடுக்கி வைத்திருக்கும் ராக் இசைத்தட்டுகள். கேட்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள். கொங்கு மண்ணில் பிறந்து பவுண்டரி நடத்தியவனுக்கும் லண்டன் இசைக்குழுக்களுக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். அந்தக் குழுக்களும் நம்மூர்ப் பட்டறைகளைப்போல் நாலைந்து பேர் கூடிச் செய்த கூட்டுத் தொழில்கள்தான்.

எழுபதுகளில் கல்லூரியில் படித்தபோது, போத்தனூர் ரயில்வே குடியிருப்பில் இருந்த ஆங்கிலோ இந்திய நண்பன் வீட்டில்தான் இந்த இசை என் காதில் முதலில் விழுந்தது. பிறகு கேசட் காலம் வந்தது. தொண்ணூறு நிமிட கேசட்டில் பக்கத்துக்கு ஓர் எல்.பி. என்று பதிவு செய்து வாங்குவோம். பாட்டு முழுதாக வந்துவிடும், உறை வராது. யார் எழுதினார்கள், யார் வாசித்தார்கள் என்ற விவரம் எதுவும் கைக்குக் கிடைக்காது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்த பிறகு அதே ஆல்பங்களை இசைத்தட்டாக வாங்கினேன். பின்னட்டையில் உள்ள பேர்களை ஒவ்வொன்றாகப் படிக்கும் பழக்கம் அப்போது வந்தது. இசையைப் பற்றி எனக்கு இருக்கும் அபிப்பிராயங்கள் பலவும் அந்தப் பின்னட்டைகளிலிருந்து பிறந்தவை.

ப்ராக்ரெசிவ் ராக் என்பது அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் கிளம்பிய வகை. மூன்று நிமிடத்தில் பாட்டு முடிய வேண்டும் என்ற வழக்கத்தை விட்டுவிட்டு, மேற்கத்தியச் செவ்வியல் இசையையும் ஜாஸையும் சேர்த்து நீளமாகக் கட்டினார்கள். யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்' 1972-இல் வந்தது. அதன் தலைப்புப் பாட்டு மட்டுமே 18 நிமிடத்தைத் தாண்டும். அதே ஆண்டு வந்த ஜெத்ரோ டல்லின் 'திக் ஆஸ் எ பிரிக்' இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே பாட்டு. இப்படிப்பட்ட இசையைத் தனி ஆளாக நின்று செய்துவிட முடியாது. பாடுகிறவரும் டிரம்ஸ் அடிப்பவரும் கீபோர்டு வாசிப்பவரும் ஒருவர் மனதை ஒருவர் அறிந்து நகர வேண்டும். அதனால்தான் அந்தக் கூட்டு நன்றாக இருந்த காலமும் கெட்ட காலமும் இசையில் அப்படியே கேட்கும்.

என் கணக்கில் முதல் இடம் பிங்க் ஃப்ளாய்டுக்கு. 1973 மார்ச்சில் வெளிவந்த அவர்களுடைய 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1988 வரை 741 வாரங்கள் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இருந்தது. பாட்டு வரிகள் முழுவதும் ரோஜர் வாட்டர்ஸ் எழுதியவை. ஆனால் டேவிட் கில்மோரின் கிட்டாரையும் குரலையும், ரிச்சர்ட் ரைட்டின் கீபோர்டையும், நிக் மேசனின் டிரம்ஸையும் எடுத்துவிட்டால் அந்த வரிகள் வெறும் தாளில் நின்றிருக்கும். லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் பதிவு நடந்தபோது வாட்டர்ஸ் வாழ்வையும் சாவையும் பற்றிய கேள்விகளை அட்டைகளில் எழுதி, அங்கே இருந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பதில்களைப் பதிவு செய்தார். உலகப் புகழ் பெற்ற பால் மெக்கார்ட்னியும் பதில் சொன்னார். அது ஆல்பத்தில் சேரவில்லை. ஸ்டூடியோ வாயிற்காவலர் ஜெர்ரி ஓ'ட்ரிஸ்கால் மனதில் பட்டதை அப்படியே பேசினார். அந்த ஆல்பத்தில் கடைசியாகப் பேசுவது அவர் குரல்தான். வேலைக்கு எது நல்லதோ அதை யார் தந்தாலும் எடுத்துக்கொள்ளும் மனம் அன்று அவர்களிடம் இருந்தது.

அதே ஆல்பத்தில் ஒரு குறையும் உண்டு. முதல் பக்கத்தின் கடைசியில் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' வருகிறது. ரைட்டின் பியானோவுக்கு மேலே கிளேர் டோரி என்ற இளம் பாடகி ஒரு சொல்லும் இல்லாமல் அழுவதும் அரற்றுவதும் அடங்குவதுமாகப் பாடுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்கள், வந்து பாடினார், 30 பவுண்டு சம்பளம் வாங்கிக்கொண்டு போனார். உறையில் பாடியவர் என்று அவர் பேர் இருந்தது. இசையமைத்தவர் என்ற இடத்தில் ரைட் பேர் மட்டும் இருந்தது. ஆனால் அந்த மெட்டு டோரியின் தொண்டையில் அந்த நேரத்தில் பிறந்தது. 2004-இல் அவர் வழக்குப் போட்டார். மறு ஆண்டு சமரசம் ஆனது. அதற்குப் பின் வந்த பதிப்புகளில் இருவர் பேரும் சேர்ந்து வருகிறது. 1973-இலேயே போட்டிருக்க வேண்டிய ஒரு வரி, வர முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. கூலி கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிற முதலாளிகள் எல்லோரும் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1975-இல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' என் மனதுக்கு இன்னும் நெருக்கமானது. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் சிட் பாரெட். முதல் பாட்டுகளை எழுதி அவர்களுக்குப் பேர் வாங்கித் தந்தவர் அவர்தான். மனம் பாதிக்கப்பட்டு 1968-இல் விலக நேர்ந்தது. ஏழு ஆண்டு கழித்து, புகழின் உச்சியில் இருந்தபோது, நண்பர்கள் ஆல்பத்தின் மிக நீண்ட பாட்டை அவரை நினைத்தே கட்டினார்கள். பதிவு நடந்துகொண்டிருந்த சமயத்தில் ஒரு நாள் பாரெட்டே ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றார். தலையும் புருவமும் மழித்து, உடம்பு பருத்திருந்த அவரை யாருக்கும் முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்தபோது அழுதார்கள். விலகிப் போன கூட்டாளியின் போட்டோவை ஆபீஸ் சுவரிலிருந்து கழற்றிவிடுகிற உலகத்தில், அவருக்கும் பேரில் ஒரு பங்கு வைத்த ஆல்பம் அது. அதனாலேயே அதை நான் உயர்வாக நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு கதை மாறுகிறது. 1979-இல் வந்த 'தி வால்' பெரிய படைப்பு, வாட்டர்ஸின் கற்பனை அசாத்தியமானது, மறுக்கவில்லை. ஆனால் அது ஒருவர் ஆட்சி. அந்தப் பதிவின்போதே ரைட்டைக் கூட்டிலிருந்து வெளியேற்றினார்கள். மேடை நிகழ்ச்சிகளுக்கு மட்டும் அவர் சம்பளக்காரராக வந்து வாசித்தார். நிகழ்ச்சிகளுக்கு ஆன செலவு எக்கச்சக்கம். நட்டத்தைப் பங்குதாரர்கள் மூவரும் தாங்க, சம்பளம் வாங்கியவர் கையில்தான் காசு நின்றது. நம்மூரில் கூட்டைப் பிரித்துக் கூட்டாளியை ஓரம் கட்டியவர்கள் பலருக்கு நடந்ததும் இதுதான். அந்த ஆல்பத்தில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் 'கம்ஃபர்டப்ளி நம்ப்' என்பேன். அது கில்மோர் தந்த இசையும் வாட்டர்ஸ் தந்த வரிகளும் சேர்ந்தது. ஒருவர் ஆட்சி நடந்த ஆல்பத்திலும் உச்சம் தொட்ட இடம் இருவர் சேர்ந்த இடமாகவே இருக்கிறது.

1983-இல் 'தி ஃபைனல் கட்' வந்தது. பின்னட்டையைத் திருப்பினால், படைத்தவர் ரோஜர் வாட்டர்ஸ், நிகழ்த்தியது பிங்க் ஃப்ளாய்டு என்ற பொருளில் அச்சிட்டிருப்பார்கள். கூட்டாளிகள் வாசிக்க வந்த ஆட்களாகிவிட்டார்கள். அடுத்து நடக்கப்போவது அந்த வரியிலேயே தெரிந்துவிட்டது. 1985-இல் வாட்டர்ஸ் விலகினார். 1986-இல் கோர்ட்டுக்குப் போனார்கள். சண்டை எதற்கென்றால், பிங்க் ஃப்ளாய்டு என்ற பேரை யார் வைத்துக்கொள்வது என்பதற்காக. 1987 டிசம்பரில் சமரசம் ஆகி, பேர் கில்மோருக்கும் மேசனுக்கும், 'தி வால்' வாட்டர்ஸுக்கும் என்று பாகம் பிரிந்தது. 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் லைவ் 8 நிகழ்ச்சிக்காக நால்வரும் ஒரே மேடையில் நின்றார்கள். அதற்கு முன் சேர்ந்து வாசித்தது 1981-இல். 2008-இல் ரைட் இறந்துபோனார். நால்வரும் சேர்வதற்கு இனி வழியே இல்லை.

பீட்டில்ஸ் கதையில் வேறொரு பாடம் இருக்கிறது. ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் இளம் வயதிலேயே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இருவரில் யார் எழுதினாலும் பாட்டு இருவர் பேரிலும் வரும். பெருந்தன்மையான ஒப்பந்தம். ஆனால் குழுவில் இன்னும் இருவர் இருந்தார்கள். வயதில் இளையவரான ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஓர் ஆல்பத்தில் பெரும்பாலும் ஒரு பாட்டு, இரண்டு பாட்டுதான் இடம் கிடைக்கும். 1969-இல் வந்த 'அபே ரோடு' ஆல்பத்தில் அவருக்குக் கிடைத்தவை 'சம்திங்', 'ஹியர் கம்ஸ் தி சன்' என்ற இரண்டும். அந்த ஆல்பத்தின் மணிகள் அவை இரண்டும்தான் என்பது என் துணிபு. குழு உடைந்த 1970-லேயே ஹாரிசன் மூன்று தட்டுகள் கொண்ட 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ஆல்பத்தை வெளியிட்டார். அத்தனை பாட்டையும் மனதில் அடக்கிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்திருக்கிறார். வீட்டில் சின்னவன் பேசாமல் இருக்கிறான் என்றால், அவனிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது.

அந்த 'அபே ரோடு' பதிவானபோதே நால்வருக்குள் கசப்பு முற்றியிருந்தது. ஆனாலும் இரண்டாம் பக்கத்தில், முடிக்காமல் கிடந்த துண்டுப் பாட்டுகளை எல்லாம் கோத்து ஒரே ஓட்டமாக்கினார்கள். கடைசியில் ரிங்கோ ஸ்டார் தனியாக டிரம்ஸ் வாசிக்கிறார். பிறகு மெக்கார்ட்னி, ஹாரிசன், லெனன் மூவரும் முறை வைத்துக் கிட்டார் வாசிக்கிறார்கள். ஒருவர் முடித்த இடத்தில் அடுத்தவர் எடுக்கிறார். யாரும் யாரையும் மிதிப்பதில்லை. அடுத்த ஆண்டின் கடைசி நாளில் மெக்கார்ட்னி கூட்டைக் கலைக்க வழக்குப் போட்டார். 2002-இல் அவர் வெளியிட்ட ஒரு மேடைப் பதிவில் பழைய பாட்டுகளுக்குத் தன் பேரை முன்னாலும் லெனன் பேரைப் பின்னாலும் அச்சிட்டார். லெனனின் மனைவி யோகோ ஓனோ எதிர்த்தார். லெனன் இறந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. கல்யாணப் பத்திரிகையில் யார் பேர் முதலில், கும்பாபிஷேக அழைப்பிதழில் யார் பேர் மேலே என்று அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களை எனக்குத் தெரியும். உலகமே கொண்டாடுகிறவருக்கும் அந்த வலி இருக்கிறது என்றால், சாதாரண மனிதனின் வலியை நாம் அலட்சியம் செய்யலாகாது.

இதற்கு மருந்து கண்டவர்களும் உண்டு. குயீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' 1975-இல் இசைத்தட்டாக வந்தபோது மறுபக்கத்தில் டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லரின் பாட்டு இருந்தது. தட்டு விற்றால் இரண்டு பக்கத்துக்கும் வருமானம் சமம். அதனால் அவர்களுக்குள் பல காலம் மனத்தாங்கல் இருந்தது. 1989-இல் வந்த 'தி மிரகிள்' ஆல்பத்தின்போது ஒரு முடிவெடுத்தார்கள். யார் எழுதினாலும் பாட்டு நால்வர் பேரில் வரும். பாடகர் ஃபிரெடி மெர்குரி உடல்நலம் கெட்டிருந்த காலம் அது. 1991 நவம்பரில் அவர் இறக்கும்வரை அந்த நால்வரும் பிரியவில்லை.

ஜெனிசிஸ் குழுவையும் சொல்ல வேண்டும். பாடகர் பீட்டர் கேப்ரியல் 1975-இல் விலகியதும் புதுப் பாடகருக்காகப் பலரை வரவழைத்துப் பாட வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸையே பாட வைத்தார்கள். 1976-இல் வந்த 'எ ட்ரிக் ஆஃப் தி டெயில்' குழுவைக் காப்பாற்றியது. ஆள் வேண்டும் என்று வெளியே தேடுவதற்கு முன், பின்வரிசையில் இருப்பவனை ஒரு முறை முன்னால் கூப்பிட்டுப் பாருங்கள்.

இந்த அறிவு நம் மரபில் இல்லாததன்று. டி.பி. ரோடு பாரதீய வித்யா பவன் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் வரும்போது கவனியுங்கள். எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் பாட்டை நிறுத்திவிட்டு, மிருதங்கக்காரருக்கும் கடக்காரருக்கும் கையால் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்து மேடை அவர்களுடையது. ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்ளின் இதைத் தேடித்தான் நம்மவர்களிடம் வந்தார் என்று நினைக்கிறேன். அவருடைய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் முதல் கூட்டு 1973 முடிவில் கலைந்தது. யாருடைய இசை இடம்பெறுவது என்ற மனக்கசப்பும் அதற்கு ஒரு காரணம். பிறகு யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின் கலைஞர் எல். சங்கர், கடம் டி.எச். விநாயக்ராம், தபலா ஜாகிர் உசேன் ஆகியோரோடு சக்தி என்ற குழுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவர்களுடைய முதல் ஆல்பம் 1976-இல் வந்தது. விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் பின்னாளில் அதே குழுவில் சேர்ந்தார். சக்தியின் 'திஸ் மொமென்ட்' 2024-இல் கிராமி விருது பெற்றது. தலைமுறை தாண்டி நின்ற கூட்டு அது.

தமிழ் சினிமாவுக்கு வாசித்த எத்தனையோ வயலின், புல்லாங்குழல், தபேலா கலைஞர்களின் பேர் கேசட் உறையில் இல்லாமலே போயிற்று. அந்த வாசிப்பு நம் காதில் இன்னும் இருக்கிறது. வாசித்தவர் யார் என்று சொல்ல முடிவதில்லை. ஏ.ஆர். ரகுமான் தன் ஆல்பங்களில் வாத்தியக் கலைஞர்களின் பேர்களை அச்சிட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது.

கோவைக்காரர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு பாடம் இருக்கிறது. பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் பிள்ளைகள் நான்கு பேர். 1926-இல் சொத்தை நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு வைத்தார்கள். அந்த அறக்கட்டளைக்கு நால்வரில் ஒருவர் பேரும் முன்னால் இல்லை. அப்பாவின் பேரை வைத்தார்கள். பி.எஸ்.ஜி. என்ற மூன்று எழுத்தின் கீழ் பள்ளிகளும் கல்லூரிகளும் ஆஸ்பத்திரியும் நிற்கின்றன. என் பேர், உன் பேர் என்று அன்று நால்வரும் இழுத்திருந்தால், அந்த ஐந்தாவது பங்கு வளர்ந்திருக்காது.

ஆகவே என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவைதான். லாபப் பங்கை எழுதும்போதே, எந்த வேலை யார் செய்தது என்று எங்கே, எப்படிச் சொல்வது என்பதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகைக்காரர் வந்தால் இருவரும் நில்லுங்கள். விலகிப் போன கூட்டாளியைத் தொடக்கக் கதையிலிருந்து வெட்டாதீர்கள். சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கும் பேர் உண்டு. பிசிறில்லாமல் வார்ப்பு வந்தால் வாங்குகிறவர் என் கையைக் குலுக்குவார். நான் மோல்டரைக் கூப்பிட்டு, "இவர் கை வேலைங்க" என்று காட்டுவேன். எங்கள் பட்டறைக்கு முதல் லேத் வாங்கியபோது அடகுக்குப் போனது என் மனைவியின் வளையல். அதை ஆயுத பூஜை அன்று பொரி கடலை கொடுக்கும்போது எல்லார் முன்னிலும் சொல்லிவிடுவேன். வேலையில் பழுது என்று யாராவது வந்தால் மட்டும் அடுத்தவர் பேரைச் சொல்லாமல் நாமே முன்னால் போய் நிற்க வேண்டும். பாராட்டைப் பிரித்துக் கொடுக்கிறவனுக்குப் பழியைத் தாங்குகிற கடமையும் உண்டு.

பணத்தைப் பங்கு போட்டால் நம் கையில் இருப்பது குறையும். பேரைப் பங்கு போட்டால் குறைவதில்லை. கொடுத்தவனையும் நாலு பேர் நல்லவன் என்பார்கள். செலவே இல்லாத இந்தக் கொடையைத்தான் மனிதர்கள் கடைசிவரை கொடுக்காமல் வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் வேலையை இனி யாராவது பாராட்டினால், நன்றி சொல்வதற்கு முன்பே உடன் நின்று செய்தவரின் பேரைச் சொல்லுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போது, அவர் காதில் விழும்படி சொல்லுங்கள்.